கோழியின் தீனிப்பை வீங்கினால் செய்யக் கூடாதவை

மாலையில் அடைய வரும் கோழியின் கழுத்தடியில், நெஞ்சுக்கு மேலே சற்று வலது பக்கமாக ஓர் உருண்டை துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் தீனிப்பை. பகலில் பொறுக்கியதெல்லாம் அங்கே சேர்ந்து ஊறி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஆகவே மாலையில் அது புடைத்திருந்தால், கோழி வயிறார மேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இதைக் கட்டி என்று பயந்து அன்றைக்கே வைத்தியத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. தீனி வைப்பதற்கு முன்னால் கோழியைப் பிடித்துத் தடவிப் பாருங்கள். பை காலியாக, தொளதொளவென்று இருக்க வேண்டும். அப்போதும் நிறைந்திருந்தால்தான் கோளாறு. என்ன கோளாறு என்பதையும் விரலே சொல்லிவிடும். கெட்டியாக, அழுத்தினால் குழி விழுவதாக இருந்தால் அடைப்பு. தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளும்பி, வாயைத் திறந்தால் புளித்த வாடை அடித்தால், உள்ளே ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

இருப்பதிலேயே ஆபத்தானது, கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பையை அமுக்கி வாந்தி எடுக்க வைப்பது. கோழியின் வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கின் அடிப்பக்கத்தில், நடுவில், ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். மேலே வரும் புளித்த தண்ணீர் அதற்குள் இறங்கினால் கோழி உங்கள் கையிலேயே மூச்சுத் திணறிச் சாகும். பாலாடையில் நல்லெண்ணெயை எடுத்து மடமடவென்று ஊற்றுவதிலும் இதே ஆபத்துதான். எதைக் கொடுத்தாலும் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு.

அடைப்பு என்று தெரிந்தால் கோழியைத் தனியாக விட்டு, ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் கொடுத்துவிட்டு, கோழியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்து, பையை மெல்லப் பிசைந்துவிடலாம். நாலைந்து நிமிடம் போதும். சில மணி நேரம் கழித்து மறுபடி செய்யலாம். உருண்டையை ஒரே தடவையில் உடைத்துவிட வேண்டும் என்று முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள். இரண்டாம் நாள் காலையிலும் இளகவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போவதே சரி. அடைப்பு அதற்கும் கீழே, அரைவைப்பையில் இருக்கலாம். அங்கே இருந்தால் எவ்வளவு பிசைந்தும் பயன் இல்லை.

பிளேடால் கிழித்து, உள்ளே இருப்பதை எடுத்து, ஊசி நூலால் தைத்துவிடும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பிழைத்த கோழியின் கதைதான் ஊரில் சுற்றும். செத்தவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பையின் சுவரையும் தோலையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்துத் தைத்தால் புண் ஆறாமல் கசியும். வலியைப் போக்க மருந்தும் இல்லாமல் அந்த உயிரை அப்படி வதைக்க நமக்கு உரிமை இல்லை.

புளித்த பைக்கு, மருந்துக் கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் பொடியைக் கலக்கிக் கொடுப்பது இன்னொரு தவறு. அது பாக்டீரியாவுக்கான மருந்து. பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நல்ல பாக்டீரியாவும் அழிந்துபோவதால் பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டம். பூஞ்சைக்குத் தனி மருந்து உண்டு. அதை அளவு சொல்லி எழுதித் தர வேண்டியவர் மருத்துவர்.

தடுப்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கும் சிறு கற்களை வைத்துத்தான் அரைவைப்பை தீனியை அரைக்கிறது. கிளிஞ்சல் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது சுண்ணாம்புச் சத்துக்கு. வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். கூண்டிலேயே அடைத்து வளர்த்தால் பருமணலோ பொடிக்கல்லோ தனியாக ஒரு சட்டியில் வையுங்கள். வெளியே மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். தீவனப் புல்லை நீளமாகப் போடாமல் விரற்கடை அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். உரச்சாக்கின் நூல், ரப்பர் பேண்ட், தேங்காய் நார் எது கண்ணில் பட்டாலும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். புழு என்று நினைத்து விழுங்கும். சாக்கு நூல் பைக்குள் பந்தாகச் சுருண்டுவிட்டால் எந்த எண்ணெய்க்கும் இளகாது. சித்திரை வெயிலில் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தால் தீனி ஊறாமல் இறுகும். அடைக்கோழியையும் கவனியுங்கள். நாளுக்கு ஒரு தடவை எழுந்து வந்து அவசர அவசரமாகத் தின்னும்; அந்த நேரத்தில் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோழிகள் பை தளும்ப, தீனி எடுக்காமல், பச்சையாகக் கழிந்துகொண்டு உறங்கி நின்றால், தீனிப்பையைப் பிசைந்துகொண்டிருக்காதீர்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) என்ற தொற்றுநோயாக இருக்கலாம். நோய்ப்பட்டவற்றை உடனே பிரித்துவிட்டு, கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 8 வாரம் கடந்த கோழிகளுக்கு இறக்கையில் ஊசி போடுவார்கள். கோடை வெயில் ஏறுவதற்குள் அதைப் போட்டுவிட வேண்டும்.