கோலேஜுக்கு இரண்டு வாசல்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்த புதிதில் மாமியார் சொன்னார்: "இங்க கோலேஜ் இருக்கு, வீட்ல சும்மா இருக்காம போய் ஏதாவது படி." நான் பி.காம். முடித்தவள். நம் ஊரில் காலேஜ் என்றால் மூன்று வருஷம், டிகிரி, கறுப்பு அங்கி போட்டு ஒரு போட்டோ. "நான்தான் படிச்சு முடிச்சிட்டேனே அத்தை" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். அந்தப் பதிலால் நாலு வருஷம் வீணாயிற்று.

அவர் சொன்னது கோலேஜ் கொமுனிட்டி. பத்திரிகைத் தமிழில் சமூகக் கல்லூரி. நம் ஊர் ஐடிஐயையும் பாலிடெக்னிக்கையும் தையல் வகுப்பையும் ஒரே வளாகத்தில் வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடத்துவது உயர்கல்வி அமைச்சு. நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 2001இல் சில ஊர்களில் தொடங்கினார்கள். இப்போது நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அதனால் நீங்கள் வந்து இறங்கிய ஊர் சுங்கை சிப்புட்டாக இல்லாமல் தெலுக் இந்தானாகவோ நிபோங் திபாலாகவோ சிகாமட்டாகவோ இருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசாங்கச் செலவில் கைத்தொழில் கற்றுத் தரும் இடம் இது.

இதற்கு இரண்டு வாசல். ஒன்று முழுநேரப் படிப்பு, இன்னொன்று குர்சுஸ் பென்டெக் என்கிற குறுகியகால வகுப்பு. எந்த வாசல் உங்களுக்கு என்று தெரியாமல் போய் நின்றால் கவுண்டரில் வீணாகக் காத்திருப்பீர்கள்.

முழுநேரப் படிப்பு மலேசியக் குடிமக்களுக்கு. ஐந்தாம் படிவம் முடித்து எஸ்பிஎம் என்கிற அரசாங்கத் தேர்வு எழுதிய பிள்ளைகள், அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியு இணையத்தளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். வாகனப் பராமரிப்பு, மின்சாரம், ஏர்கண்டிஷன், பேஸ்ட்ரி, சமையல், உடை தயாரிப்பு, கணினி வலையமைப்பு என்று படிப்புகள் உண்டு. ஆனால் ஒரு கல்லூரியில் எல்லாமே இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒருசில துறைகள்தான். பையன் மோட்டார் பட்டறை என்று ஆசைப்பட்டால் அந்தத் துறை எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்ப் படிப்பில் ஒரு பகுதி வெளியே நிறுவனத்தில் வேலை பழகுவது. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா சேரலாம். நமக்கு அருகில் ஈப்போவில் உங்கு ஓமார் இருக்கிறது. 1969இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக். எனவே "எஸ்பிஎம்மில் சரியாக வராத பிள்ளைகள் போகிற இடம்" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கிற பையனைப் பிடிக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சரி, குடிமகன் என்றேனே, அங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். இங்கே யாரைக் கேட்டாலும் ஐசி, அதாவது அடையாள அட்டை, என்ன நிறம் என்றுதான் பேசுவார்கள். நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, பச்சை தற்காலிகவாசிகளுக்கு. கல்யாணமாகி வந்த நமக்கு முதலில் ஐசியே கிடையாது. பாஸ்போர்ட்டில் நீண்டகால சமூக வருகை பாஸ் மட்டும்தான். அது பரவாயில்லை. பிள்ளையின் நிறம்தான் முக்கியம். கோயிலில் தாலி கட்டி, பந்தி போட்டு, ஊரே சாப்பிட்டுப் போயிருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் இந்த நாட்டுச் சட்டத்தில் அது திருமணமாக நிற்காது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1982 மார்ச் முதல் இதுதான் நடைமுறை. பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை அப்பாவின் குடியுரிமையை அல்ல, அம்மாவின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். பிள்ளை சிறியதாக இருக்கும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போகும்போது, அப்புறம் பதினேழு வயதில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். அதனால் இன்னும் பதியவில்லை என்றால், கல்லூரியை மறந்துவிட்டு முதலில் பதிவிலாகாவுக்குப் போங்கள்.

இடைநிலைப்பள்ளியில் பிள்ளை இருந்தால் இன்னொன்று. எஸ்பிஎம்மில் மலாயும் சரித்திரமும் தேறினால்தான் சான்றிதழே கிடைக்கும். கணக்கு டியூஷனுக்கு ஓடுகிற நாம் சரித்திரத்தை "கதைதானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கதையையும் மலாயில்தான் எழுத வேண்டும். தவறினால் அந்தப் பாடங்களை மறுபடி எழுத வழி உண்டு, ஆனால் விண்ணப்பம் அதற்குள் ஒரு சுற்றுப் போய்விடும்.

இரண்டாவது வாசலுக்கு வருவோம். குர்சுஸ் பென்டெக் ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோதான். பெரும்பாலும் சனி ஞாயிறு. ரொட்டி, கேக், பாஜு கூரோங் என்கிற மலாய்ப் பெண்கள் உடை தைப்பது, கணினி, வீட்டு வயரிங் என்று மாறி மாறி வரும். எஸ்பிஎம் கேட்பதில்லை, வயதும் தடையில்லை. கட்டணம் சிறிதுதான். (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள், "முப்பது வெள்ளி" என்றால் நகைக்கடையைத் தேடாதீர்கள்.) பதிவில் ஐசி எண் கேட்கும் இடம் வரும். அங்கே நின்றுவிடாமல் பாஸ்போர்ட்டையும் கணவரின் ஐசி நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், வெளிநாட்டு மனைவியை அந்த வகுப்பில் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போகும்போது முழுக்காலணி, கைமூடிய சட்டை. நான் ஒருமுறை ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு வீட்டுச் செருப்போடு போய், காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்பி, எதிர்க்கடையில் அவசரமாகக் காலணி வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்கும் அது கடிக்கிறது.

என் முதல் வகுப்பு ரொட்டி. சப்பாத்தி பிசைந்த கை, பெரிய விஷயமா என்று போனேன். ஆசிரியை தராசை என் முன்னால் தள்ளி, "தீம்பாங் டூலு, காக்" என்றார். முதலில் எடை போடுங்கள் அக்கா என்று அர்த்தம். தெப்போங் மாவு, குலா சர்க்கரை, காராம் உப்பு. தண்ணீரைக்கூட எடை போட்டோம். நான் கண்ணளவில் கூடுதலாக விட்ட தண்ணீரில் என் மாவு மட்டும் மேசையில் வழிந்தது. பக்கத்திலிருந்த மலாய் அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் கையில் மாவைத் தொட்டு என் கையில் தடவிவிட்டு, எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினார். வந்து நாலு வருஷத்தில் நான் கற்காத மலாயை அந்த ஒரு நாளில் கற்றேன். உண்மையில் ரொட்டியைவிட அதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

வகுப்பு முடிந்து ஒரு தாள் தருவார்கள். அது கலந்துகொண்டதற்கான சான்று, கடை போடுவதற்கான அனுமதி அல்ல. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பன் விற்க ஆசை வந்தால், உணவைக் கையாளுகிறவர்களுக்கான பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம், ஊராட்சி உரிமமும் வேண்டும். தனிநபர் வியாபாரத்தைக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பதிய முடியும், ஆகவே பெயர் கணவருடையதாகத்தான் இருக்கும். நீங்கள் வேலை செய்யவும் குடிநுழைவுத் துறையின் அனுமதி தேவை. பாஸில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

தோட்டத்து வேலைக்கு பெர்மிட்டில் வந்த தம்பிகளும் இதைப் படிக்கக்கூடும். உங்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை. உங்கள் பெர்மிட் ஒரே முதலாளியோடும் ஒரே வேலையோடும் கட்டப்பட்டது. முழுநேரப் படிப்பு அதில் நடக்காது. படிப்பு வாங்கித் தருகிறேன், மாணவர் விசாவுக்கு மாற்றித் தருகிறேன் என்று எவனாவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: வகுப்பு அட்டவணை கல்லூரியின் முகநூல் பக்கத்தில் மலாயில் வரும். ரொட்டி, கேக் வகுப்புகள் சீக்கிரம் நிறைந்துவிடும். வயரிங் வகுப்பில் இடம் இருக்கும். ஆண்களுக்கு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போன மாதம் நான் சேர்ந்துவிட்டேன். மாமியார்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.