கரையோரக் காட்டில் மான் தடம் தேடப் போகிறீர்களா? முதலில் ஓதம் பாருங்கள்

வரைபடமும் திசைகாட்டியும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஓத அட்டவணை

ஓதம் என்றால் கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும்; அந்த நேரங்களைச் சொல்வதே ஓத அட்டவணை. பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும்; மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான் ஏற்றமும் வற்றமும் உச்சத்துக்குப் போகும். அச்சிட்ட அட்டவணைதான் என் விருப்பம். ஈரக் கைக்குக் கைபேசித் திரை பணியாது.

படி 2: நீர் ஏறும் வேகம்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று தோராயமாக வரும். 4 மீட்டர் ஏறும் கரையில் முதல் மணி நேரத்தில் ஏறுவது 33 சென்டிமீட்டர்தான். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் 2 மீட்டர் ஏறிவிடும். முதல் மணி நேரத்தின் நிதானத்தை நம்பி நின்றுவிடாதீர்கள்.

சதுப்பில் நீர் எதிரே வருவதற்கு முன்பே ஓடைகள் வழியாக முதுகுப்புறம் புகுந்துவிடும். அதனால் வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்குங்கள். ஏற்றம் தொடங்குமுன் மேட்டுக்கு வந்துவிடுங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரை நோக்கி வீசும் பலத்த காற்றும் சேர்ந்தால் அட்டவணைக் கணக்கு பொய்க்கும்.

படி 3: ஒதுங்கல் வரி

பாசியும் சருகும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் வரியைத் தேடுங்கள். பல வரிகள் இருந்தால், எல்லாவற்றுக்கும் கீழே ஈரமாக இருப்பதே கடைசி ஏற்றத்தின் வரி. அதற்குக் கீழே தெளிவாகப் பதிந்த சுவடு, கடல் பின்வாங்கிய பிறகு பதிந்தது. காலை 6 மணிக்கு உச்சம், இப்போது 11 மணி என்றால், அந்த மான் ஐந்து மணி நேரத்துக்குள் இங்கே நடந்திருக்கிறது. காட்டுக்குள் எந்தச் சுவடும் இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்லாது. எனக்குக் கரையோரக் காடு பிடித்துப்போனதே இதனால்தான்.

படி 4: சுவடும் கடியும்

பிளந்த குளம்பின் கூர்முனை போன திசையைக் காட்டும். இளகிய சேற்றிலும் ஓட்டத்திலும் பின்னால் இரண்டு சிறு குழிகள் கூடுதலாக விழும். பக்கத்துச் செடியையும் பாருங்கள். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. கடித்து இழுத்த தண்டின் நுனி நார் நாராகப் பிய்ந்திருக்கும். கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக இருந்தால் அது முயல்.

பின்சேர்க்கை: தடம் ஓடையில் இறங்கி அக்கரையில் ஏறினால் நாமும் பின்தொடரலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மான் நன்றாக நீந்தும். அது கடந்த இடம் ஆழமற்றது என்று பொருளில்லை. கடந்தே ஆக வேண்டுமென்றால் முதலில் நீளமான கம்பால் ஆழம் பாருங்கள். கம்பு சேற்றில் தடையின்றி இறங்கினால் சுற்றுவழியே போங்கள்.