பிடில் வாசித்துக்கொண்டே பாடிப் பிழைக்க: இங்கிலாந்து நாட்டுப்பாடல் மேடைக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்து நாட்டுப்பாடலைப் பிடிலோடு பாடித் தொழில் செய்ய விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தாளைப் பார்க்காமல் உங்களுக்கு எத்தனை பாட்டு முழுசாக வரும்?" என்பதுதான். ஷெஃபீல்டில் என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு விரல் வேகத்தில் குறையே இருப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு சரணம் உள்ள ஒரு கதைப்பாடலை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பாடச் சொன்னால் பாதியில் தடுமாறுவார்கள். இந்தத் தொழிலில் பாட்டுதான் முதலாளி. பிடில் அதனிடம் வேலைக்குச் சேர்ந்தது. ஆகவே பாட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.

பாட்டு தேட லண்டனுக்கு வந்து குடியேற வேண்டியதில்லை. அங்கே கேம்டன் பகுதியில் 1930-இல் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸ் என்ற நாட்டுப்பாடல் மையத்தில் வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு சேகரித்தவர்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளை அவர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதில் தேட ரவுட் எண்ணைப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொகுத்த அட்டவணை அது. ஒரே பாட்டு பத்து ஊரில் பத்துப் பெயரில் திரிந்தாலும் அதற்கு ஒரே எண்தான். பிடித்த பாட்டின் எண்ணைப் போட்டு, கிடைக்கிற வடிவங்களை எல்லாம் படியுங்கள். ஒன்றில் மெட்டு அருமையாக இருக்கும், கதை பாதியில் நிற்கும். இன்னொன்றில் விட்டுப்போன சரணம் இருக்கும். இரண்டையும் சேர்க்கலாம், தப்பில்லை. எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள், பழைய குரல்களைக் கேளுங்கள். பெர்சி கிரெய்ஞ்சர் என்ற இசையமைப்பாளர் 1906-இல் லிங்கன்ஷயரில் மெழுகு உருளையில் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவருக்குப் பாடியவர்களில் ஜோசப் டெய்லர் என்பவரை நான் இன்றும் கேட்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர். குரலில் சின்னச் சின்னச் சுழிப்புகள் வரும். வரி எங்கும் தொய்யாது. தாளம் அச்சடித்தாற்போல் நிற்காமல் சொற்களுக்கு இடம் கொடுக்கும். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த மெட்டுகளின் ஸ்வரங்கள் புதிதல்ல. இங்கே டோரியன் என்பது நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி. ஆனால் கமகம் போடாதீர்கள். இந்தப் பாட்டின் அழகு நேராக நிற்கும் ஸ்வரத்திலும், அதன் ஓரத்தில் வந்து போகும் ஒரு சின்ன உதறலிலும் இருக்கிறது.

சரி, இனி பிடில். தாடையால் இறுக்கிப் பிடித்தால் வாய் சரியாகத் திறக்காது. உயிரெழுத்துகள் எல்லாம் நசுங்கிப் போகும். நம் ஊர் வித்வான்கள் தரையில் அமர்ந்து பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றுவதால் தாடைக்கு வேலையே இல்லை. நின்று வாசிக்கும்போது அது முடியாது. அதனால் கழுத்தெலும்புக்குக் கீழே, மார்போடு சாய்த்து வையுங்கள். இங்கத்திய பழைய கிராமத்துப் பிடில்காரர்கள் பலர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பாரத்தை இடது கை தாங்குவதால் கையை மேலும் கீழும் ஓட்ட முடியாது. ஓட்டத் தேவையும் இல்லை, முதல் நிலையிலேயே இந்தப் பாட்டுகள் அடங்கிவிடும்.

அடுத்தது சுருதி. வழக்கமான தந்தி ஏற்பாடு ஜி-டி-ஏ-ஈ. மேலே இருக்கும் இரண்டு தந்திகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் ஜி-டி-ஜி-டி. இது ச-ப-ச-ப, அப்படியே கர்நாடகப் பிடிலின் அமைப்பு! எந்தத் தந்தியில் மெட்டு போனாலும் பக்கத்துத் தந்தி தம்பூரா மாதிரி கூடவே ஒலிக்கும். ஜி உங்கள் குரலுக்கு உயரமாக இருந்தால் நாலு தந்தியையும் இன்னொரு ஸ்வரம் இறக்கி எஃப்-சி-எஃப்-சி ஆக்குங்கள். தந்தி தளர்ந்து, ஒலி கொஞ்சம் கரகரப்பாகும். சோகக் கதைப்பாடலுக்கு எனக்கு அந்தக் கரகரப்பு ரொம்பப் பிடிக்கும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தால் கேட்பவர்கள் கலைந்துவிடுவார்கள். வசதி இருந்தால் தாழ்ந்த சுருதிக்கென்று இரண்டாவது பிடில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய இப்படிப் பழகுங்கள். முதலில் திறந்த தந்தியில் வில்லை நீளமாக இழுத்துக்கொண்டே பாட்டின் வரிகளைப் பேசுங்கள், பாட வேண்டாம். வாயும் கையும் ஒன்றையொன்று இழுக்காமல் ஓடும்வரை பேச்சுதான். அப்புறம் அதே இழுப்பின்மேல் பாடுங்கள். கடைசியில்தான் இடது கை விரல்கள். வில் திரும்புகிற இடமும் நீங்கள் மூச்சு வாங்குகிற இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் பாட்டில் ஓட்டை விழும். வரியின் நடுவில் வில்லைத் திருப்பிவிட்டால் மூச்சு வாங்கும்போது தந்தி பேசிக்கொண்டிருக்கும்.

எல்லாச் சரணத்திலும் குரலோடு கூடவே மெட்டை வாசிப்பது வேண்டாம், சலிப்பு தட்டும். முதல் சரணத்தைச் சுருதி மட்டும் வைத்துப் பாடுங்கள். அடுத்ததில் வரி முடிகிற இடங்களில் இரண்டு மூன்று ஸ்வரம் சேருங்கள். கதை நகர நகர வில்லைச் சின்னச் சின்ன வெட்டாக மாற்றலாம். கப்பல் மூழ்கும் சரணம், காதலன் பிணமாக வரும் சரணம் வந்தால் வில்லை எடுத்துவிட்டு வெறும் குரலில் பாடுங்கள்.

பாட்டு மட்டும் சோறு போடாது. கெய்லி எனப்படும் ஆட்ட நிகழ்ச்சிகள் கல்யாணங்களிலும் கிராமக் கூடங்களிலும் நடக்கும். அங்கே பிடில்காரருக்கு வேலை உண்டு. ஜிக், ரீல், ஹார்ன்பைப், போல்கா என்று ஆட்ட மெட்டுகளின் ஒவ்வொரு வகையிலும் கைவசம் கொஞ்சம் வேண்டும். பெரும்பாலானவை 32 பார் (தாளக் கட்டு), ஏ பகுதி இருமுறை, பி பகுதி இருமுறை. கூட வாசிக்கும் மெலோடியன் என்ற பொத்தான் வைத்த துருத்திப் பெட்டி பெரும்பாலும் டி, ஜி சுருதிக்கானது, ஆகவே மெட்டுகளும் அவற்றிலேயே இருக்கும். இங்கிலாந்து ஆட்டம் ஐரிஷ் வேகத்தில் போகாது; குதித்து இறங்க நேரம் வேண்டும். ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்து வாசியுங்கள். மே மாதக் கடைசித் திங்களன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பாம்ப்டனுக்குப் போனால் மோரிஸ் எனப்படும் பழைய இங்கிலாந்து ஆட்டத்தின் ஆட்டக்காரர்கள் தெருத்தெருவாக ஆடுவதைப் பார்க்கலாம். இசைக்காரரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.

பாட மேடை வேண்டுமென்றால் நாட்டுப்பாடல் ரசிகர்கள் கூடும் ஃபோக் கிளப்புக்குப் போங்கள். பெரும்பாலும் ஒரு பப்பின் பின்னறை அல்லது மாடியறை. பல இடங்களில் மைக் கிடையாது. இடைவேளையில் குலுக்கல் சீட்டு விற்பார்கள். முக்கிய விருந்தினர் பாடும் முன் உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாடுவார்கள், அதற்கு ஃப்ளோர் ஸ்பாட் என்று பெயர். முதலில் சில மாதம் கேட்பவராகப் போய்ப் பல்லவியில் சேர்ந்து பாடுங்கள். அப்புறம் வாசலில் இருப்பவரிடம் இடம் கேளுங்கள். கொடுத்தால் ஒரு பல்லவிப் பாட்டு, ஒரு அமைதியான பாட்டு. பாட்டை முதலில் யார் பாடினார், யார் எழுதி வைத்தார் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த ஏழைப் பாடகர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

தொழில் எப்படி வளர்கிறது என்று பார்க்க, பிடிலோடு பாடும் எலிசா கார்த்தியின் பாதை நல்ல பாடம். 1975-இல் ஸ்கார்பரோவில், நாட்டுப்பாடகர்களான நார்மா வாட்டர்சனுக்கும் மார்ட்டின் கார்த்திக்கும் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு பாடினார். 1990-களின் தொடக்கத்தில் நான்சி கெர்ருடன் ஜோடி சேர்ந்தார், இருவரும் பிடில், இருவரும் குரல். 1998-இலும் 2003-இலும் எலிசாவின் ஆல்பங்கள், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலில் வந்தன. பிற்பாடு பன்னிரண்டு பேர் கொண்ட பெரிய குழுவோடும் பாடினார். பிடிலோடு பாடும் ஜான் போடனும் மெலோடியன்காரர் ஜான் ஸ்பியர்ஸோடு இருவராகத் தொடங்கி, பதினோரு பேர் கொண்ட பெல்லோஹெட் குழுவுக்குப் போனவர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஜோடியைத்தான் சிபாரிசு செய்வேன். ஒரு காரில் அடங்கும், சின்ன கிளப்பின் சம்பளம் இருவருக்காவது பங்காகும்.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். பழம்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் உங்கள் இசையமைப்பு உங்களுடையது. இசைக்கான உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் பிஆர்எஸ் அமைப்பில் அதைப் பதிவு செய்யுங்கள், மேடையில் பாடிய பட்டியலையும் தவறாமல் அனுப்புங்கள். இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்ந்தால் உங்களால் பிறருக்கு ஏதாவது அடியோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு கிடைக்கும். பல கூடங்கள் அதைக் கேட்கும். பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று வேண்டும். சிட்மத், விட்பி போன்ற கோடை விழாக்களில் பாட ஆசையென்றால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே எழுதுங்கள். கடிதம் சின்னதாக இருக்கட்டும். கூடவே ஒரே ஒரு பாட்டு, ஒரு அறையில், வெட்டு ஒட்டு இல்லாமல் எடுத்த காணொளி.