கரும்பு டிராக்டருக்கு எச்சரிக்கை விளக்கு: முதல்முறை மாட்டுபவர்களுக்கு

குளிர்நாடுகளில் சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் லாரிகளின் கூரையில் மஞ்சள் விளக்கு சுழலும். ஒஹையோ, மிச்சிகன் மாநிலங்களில் பச்சையும் உண்டு. நம் கோபி, சத்தியமங்கலம் பக்கம் பனி என்றால் மார்கழி விடியற்காலை மூட்டம்தான். அந்த மூட்டத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டருக்கும் அதே சிக்கல்: மெதுவாகப் போகிறோம் என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகம், கார் 80 என்று வையுங்கள். நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் நெருங்கி வரும். 100 மீட்டரில் கண்டுகொண்டால் ஆறு நொடி இருக்கிறது. 30 மீட்டரில் என்றால் இரண்டு நொடிகூட இல்லை.

முதலில் நிறம். மஞ்சள் மட்டும் வாங்குங்கள். கடையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவதை எடுத்துக் காட்டுவார்கள், பார்க்க ஜோராகத்தான் இருக்கும். அது போலீஸ், தீயணைப்பு போன்ற அவசர வண்டிகளுக்கானது. 2017 மே 1 முதல் அமைச்சர் காரிலேயே சிவப்புச் சுழல்விளக்கு கிடையாது, நமக்கெதற்கு?

அடுத்தது இடம். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். டிராக்டர் கூரையில் விளக்கை மாட்டிவிட்டுப் பெருமையாக இருந்தேன். கரும்பு ஏற்றியதும் பின்னாலிருந்து பார்த்தால் விளக்கே இல்லை! டிரெய்லரின் சிவப்பு விளக்கையும் தொங்கும் தோகை மூடிவிட்டது. அப்புறம் ஒரு பலகை செய்தேன். இரண்டு ஓரத்தில் சாதாரண சிவப்புப் பின்விளக்கு, நடுவில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. லோடு ஏற்றி முடித்தபிறகு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின்மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவேன். கூரை விளக்கும் இருக்கட்டும், எதிரே வருபவருக்கு உதவும். அதன் வெளிச்சம் பானெட்டில் பட்டு நம் கண்ணில் அடிக்காதபடி சற்றுப் பின்தள்ளி வையுங்கள்.

ஒயரிங். டிராக்டருக்கு 12 வோல்ட். 12 வாட் எல்இடி ஓர் ஆம்பியர்தான் இழுக்கும், 55 வாட் பழைய பல்பு நாலரைக்கு மேல் இழுக்கும். எல்இடியே போதும். பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எர்த்துக்குத் தனி ஒயர் பின்வரை இழுங்கள். டிரெய்லரை மாட்டும் கொக்கி இரும்புதானே, எர்த்துக்கு அதுவே போதும் என்று நம்பினால், துருவும் கிரீசும் சேர்ந்து குழியில் இறங்கும்போதெல்லாம் விளக்கு கண்ணடிக்கும்.

ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. 50 மில்லிமீட்டர் அகலம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்கும்.

சரி, கிளம்பும் முன் ஐம்பது அடி பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். வண்டி வழியில் பழுதாகி நின்றால் விளக்கை அணைக்காதீர்கள். முக்கோணப் பலகையையும் நன்றாகப் பின்தள்ளி வையுங்கள். தோட்டத்துக்குள் போனதும் அணைத்துவிடலாம். காலி வண்டியோடு திரும்பும்போது அந்த விளக்குப் பலகையை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வராமல், டிரெய்லர் பின்கதவில் கட்டிக்கொள்ளுங்கள்.