கோர்ஸுக்கு 12 அவுட்டோர் படம் கேட்டிருக்கிறார்களா?

போட்டோகிராஃபி கோர்ஸில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே "அவுட்டோர் போர்ட்ஃபோலியோ, 12 படம்" என்று கேட்டுவிடுவார்கள். உடனே ஏற்காட்டுக்குப் பஸ் ஏறத் தோன்றும். நானும் ஏறினேன். இரண்டு நாளில் 600 படம், பாதிக்குமேல் மூடுபனி. வாத்தியார் புரட்டிப் பார்த்துவிட்டு "டூர் நல்லா இருந்துச்சா?" என்றார். அவ்வளவுதான்.

அதனால், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள், அங்கேயே நாலு வாரம் போங்கள். ஏரிக்கரை, சந்தை, ரயில்வே கேட், எதுவானாலும் சரி. எனக்கு வாய்த்தது சென்னையில் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். 1977 வெள்ளத்தில் இடிந்து இன்றும் பாதியில் நிற்கும் உடைந்த பாலம் அங்கேதான் இருக்கிறது. முதல் வாரம் எல்லாரும் எடுக்கும் அதே பாலத்தைத்தான் எடுப்பீர்கள், எடுத்துத் தொலையுங்கள். இரண்டாவது வாரத்தில்தான் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி, காயவைத்த வலை, படகு நிழலில் தூங்கும் நாய் எல்லாம் கண்ணில் படும்.

விடியலுக்கு முன்பே போய்விடுங்கள். சென்னையில் ஜனவரியில் ஆறரை மணிவாக்கிலும் ஜூனில் ஐந்தே முக்கால்வாக்கிலும் சூரியன் வரும், வரும் திசையும் மாதத்துக்கு மாதம் நகரும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்கு எடுத்துப்போனால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள், அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதும், ரா ஃபார்மேட்டில் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுங்கள். நிலக்காட்சிக்கு அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 அல்லது எஃப் 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, வெளிச்சம் குறைவாக இருந்தால் ட்ரைபாட்.

அசைவு வந்தால் கணக்கு வேறு. வீச்சு வலை வீசுபவரைக் கவனியுங்கள்: வலையின் ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை முழங்கையில் போட்டு, இடுப்பைத் திருப்பி விடுவார். வலை வட்டமாக விரிந்து நிற்பது அரை நொடிகூட இருக்காது. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து, அவர் இடுப்பு திரும்பத் தொடங்கும்போதே அழுத்துங்கள், விரிந்ததைப் பார்த்து அழுத்தினால் வலை தண்ணீருக்குள் போயிருக்கும். எனக்கு மூன்றாவது வாரம்தான் சிக்கியது, அதிலும் தலைக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம்.

ஆட்களை எடுக்கும் முன் "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்ததை அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், அப்புறம் அவரே "இப்படி வந்து நில்லு தம்பி, இங்கதான் வெளிச்சம்" என்பார். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் தனியாகப் போகவேண்டாம்.

உண்மையான வேலை வீட்டில்தான். நாலு வாரத்தில் சேர்ந்ததிலிருந்து நாற்பதைத் தேர்ந்து, ஸ்டூடியோவில் 4x6 அளவில் போட்டுத் தரையில் பரப்புங்கள். மொபைலில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஒன்றுபோல் இருப்பது தெரியாது, தரையில் பரப்பினால் ஏழு சூரிய உதயம் பல்லிளிக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு ஆறைத் தூக்குங்கள். தூரத்திலிருந்து இடத்தைக் காட்டுவது மூன்று, ஆட்கள் வேலையோடு இருப்பது ஐந்து, கிட்டத்தில் போய் எடுத்தது நாலு என்பது என் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கஷ்டப்பட்டோமே என்று ஒரு படத்தை வைத்திருப்பீர்கள் பாருங்கள், அதுதான் முதலில் போகவேண்டியது, பார்ப்பவருக்கு உங்கள் தூக்கம் தெரியாது. அம்மாவிடம் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

எடிட்டிங்கில் அடிவானத்தை நேராக்குங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், வானத்தை ஆரஞ்சுச் சாயத்தில் முக்காதீர்கள். 12x8 அங்குலப் பிரிண்டுக்கு 3600x2400 பிக்சல் வேண்டும், அதற்குக் கீழே வெட்டிவிடவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, ஒரு வரி. "அமைதியின் அழகு" மாதிரித் தலைப்பெல்லாம் வேண்டாம், "வலை உலர்த்தும் இடம், காலை 6.50" போதும்.