பிரெட்டுக்கு பதிலா என்ன பண்ணலாம்? கோதுமையும் வேணாம், மாவுச்சத்தும் கம்மியா வேணும்னா

எங்கப்பாவுக்கு சுகர். நம்ம ஊர்ல ஒடம்பு சரியில்லன்னா உடனே பிரெட் வாங்கிட்டு வர்ற பழக்கம் இருக்குல்ல, அதே கணக்குல "சுகருக்கு பிரெட் நல்லது, லைட்டா இருக்கும்"னு யாரோ சொல்லி காலைல டீயோட 4 ஸ்லைஸ் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு ஸ்லைஸ்ல 12லேர்ந்து 15 கிராம் மாவுச்சத்து இருக்கும், 4 ஸ்லைஸ்னா 50, 60 கிராம், லைட்டாவது ஒன்னாவது. சரின்னு நிறுத்திட்டு, தர்மபுரிக்காரங்க நாம, ராகி இருக்கும்போது என்ன கவலைன்னு காலைல ரெண்டு உருண்டை களி, அவரக்கொட்ட குழம்பு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மீட்டர்ல பாத்தா 232. பிரெட் சாப்ட அன்னைக்கு 210 தான் இருந்துச்சு!

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறோம். கோதுமை இல்லாதது வேற, மாவுச்சத்து கம்மியானது வேற. ராகி மாவு 100 கிராம்ல கிட்டத்தட்ட 67 கிராம் மாவுச்சத்து, கோதுமை மாவுல 64 பக்கம். சாமையும் 65 கிட்டத்தான். அதுல களிக்கு நாம அரிசி வேற போட்டு கிண்டுறோம். ராகியில கால்சியம் அள்ளிக் குடுக்கும், 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல, 2023ல நம்ம மாவட்டத்துலயும் நீலகிரிலயும் ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ குடுக்க ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், நான் ராகியை குறை சொல்லல. கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு ராகி சாமி மாதிரி. சுகருக்காக மாவுச்சத்தை கொறைக்கறவங்களுக்கு அது பிரெட்டோட பங்காளி, அவ்ளோதான்.

அதனால மொதல்ல உங்களுக்கு எது வேணும்னு முடிவு பண்ணிக்கங்க. கோதுமை சாப்டா வயிறு உப்புசம், பேதின்னு சீலியாக் (கோதுமையில இருக்கற குளூட்டன் ஒத்துக்காம குடல் கெடற நோய்) சந்தேகம் இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, ரத்த டெஸ்ட் எடுக்கற வரைக்கும் கோதுமை சாப்ட்டுட்டு இருந்தாத்தான் ரிசல்ட் சரியா வரும். சீலியாக்னு உறுதியாயிட்டா கொஞ்சூண்டு கோதுமை கூட ஆகாது, மைதா, ரவை எல்லாமே கோதுமைதான், சேமியாவும் பெரும்பாலும் அதேதான், கூட்டுப் பெருங்காய டப்பாவுல கூட கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவை திருப்பி படிங்க. மாவு மில்லுல முன்னாடி ஆள் கோதுமை அரைச்சிருந்தா அந்த மாவு உங்க ராகியில வந்துரும், அதுக்கு வீட்டு மிக்ஸிதான் பாதுகாப்பு.

"ராகி பிரெட்"னு ஒரு கடையில எழுதிப் போட்டிருந்ததை நம்பி வாங்கிட்டு வந்து கவரை படிச்சா மொதல் பேரே மைதா. எது அதிகமோ அதத்தான் மொதல்ல போடுவாங்க, ராகி கடைசிலேர்ந்து மூணாவது. பிரவுன் கலரை பாத்து ஏமாறாதீங்க, கேரமல் கலர் ஊத்துனா எதுவும் பிரவுனாகும்.

சரி, மாவுச்சத்தும் கம்மி கோதுமையும் இல்லன்னா நம்ம கைல என்ன இருக்கு? கல்லக்கா இருக்கு. நெலக்கடலைதாங்க, தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் மானாவாரியில விளையறதுதான. 100 கிராம்ல மொத்தமே 16 கிராம் மாவுச்சத்து, அதுலயும் பாதி நார்ச்சத்து, புரதம் 25 கிராம். பாதாம் மாவுன்னு யூடியூப்ல காட்டறாங்களே, அந்த வேலையை இது காவாசி காசுல பண்ணும். ஒன்னு சொல்லிடறேன், கடையில போயி "கடலை மாவு"ன்னு கேட்டா பஜ்ஜி மாவைத்தான் குடுப்பான், அது கொண்டக்கடலை வகை, மாவுச்சத்து 60 பக்கம் வரும். செக்குல கெடைக்கற கடலை புண்ணாக்கும் வேணாம், அது மாட்டுக்கு. பருப்பை வாங்கி நாமளே அரைக்கணும்.

வாங்குனதும் கறுத்தது, சுருங்குனது, பூஞ்சை புடிச்சது ஒன்னு ரெண்டு இருந்தாலும் பொறுக்கி தூக்கிப் போடுங்க, அந்த பூஞ்சை விஷம் வறுத்தாலும் போகாது. மிச்சத்தை லேசா வறுத்து, ஆறவிட்டு, தோலை ஊதிட்டு மிக்ஸியில விட்டு விட்டு அரைக்கணும், ஒரு சுத்து, நிறுத்து, கிளறு, இன்னொரு சுத்து. நான் மொத தடவை போன்ல பேசிட்டே ஒரே அமுக்கா அமுக்கிட்டேன், எண்ணெய் கக்கி வெண்ணெய் மாதிரி ஜாருல ஒட்டிக்கிச்சு, அதை வழிச்சு புள்ளைங்க தின்னுச்சு. சூடு ஆறாம போட்டாலும் அப்டித்தான் ஆகும்.

இப்ப அந்த மாவு 4 ஸ்பூன் குமிச்சு (ஒரு 40 கிராம் வரும்), முட்டை 2, உப்பு, சிட்டிகை சோடா உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம். முட்டையை நல்லா நொரைக்க அடிச்சுட்டு மாவை போட்டு கலக்கி, கடைசியா எலுமிச்சை பிழிஞ்சதும் பொங்கும், அப்ப லேட் பண்ணாம எண்ணெய் தடவுன சதுர டிபன் டப்பாவுல ஊத்தி இட்லி குண்டான்ல வெச்சிரணும். 12லேர்ந்து 15 நிமிசம். மூடியில இருக்கற தண்ணி சொட்டாம டப்பா மேல ஒரு தட்டு கவுத்துங்க, நான் அதை விட்டுட்டு நடுவுல குழி விழுந்து கொழகொழன்னு ஆயிருச்சு ஒரு தடவை. குச்சி குத்தி ஒட்டாம வந்தா எறக்கி, முழுசா ஆறுன பொறகு குறுக்கால வெட்டி, தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் செவக்க விடுங்க. இந்த டோஸ்ட் பண்றதுதான் முக்கியம், இல்லன்னா முட்டை வாடை அடிக்கும். மொத்த டப்பாவுக்கும் மாவுச்சத்து 7, 8 கிராம் தான், நார்ச்சத்தை கழிச்சா இன்னும் கம்மி. நடுவுல வெள்ளரி, வெங்காயம், புதினா சட்னி வெச்சா சாண்ட்விச் ரெடி. வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு காலைல 6 மணிக்கு கெளம்புவார், அவருக்கு ராத்திரியே அவிச்சு வெச்சிருவேன், ஃபிரிட்ஜ்ல 3 நாள் தாங்குது.

முட்டை சாப்டாதவங்களுக்கு அதே மாவுல இசப்கோல் உமி ஒரு ஸ்பூன் போட்டு (மெடிக்கல்ல கெடைக்கும்) சுடுதண்ணி ஊத்தி 10 நிமிசம் வெச்சா பிசைய வரும், வாழை இலையில தட்டி சின்ன தீயில ரொட்டி போடலாம். கொஞ்சம் உதிரும், பெருசா தட்டாதீங்க. இசப்கோல் சேத்தா தண்ணி நெறைய குடிக்கணும், இல்லன்னா வயித்துல கல்லு மாதிரி நிக்கும்.

குழம்பு தொட்டு சாப்பிட என்ன பண்றதுன்னு கேட்டா கொள்ளு அடை. கொள்ளுலயும் மாவுச்சத்து 57 கிராம் வருது, கம்மின்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா புரதம் 22 கிராம் பக்கம் இருக்கறதால ரெண்டு அடைலயே வயிறு நெறஞ்சிரும், பசி மதியம் வரைக்கும் எட்டிப் பாக்காது. போச்சம்பள்ளி சந்தைக்கு போனா கொள்ளு நல்லா கெடைக்கும். ராத்திரி ஊறவெச்சு, வரமொளகா, சீரகம், பூண்டு போட்டு கொரகொரன்னு அரைச்சு முருங்கைக்கீரை உருவிப் போட்டு ஊத்துங்க, மெல்லிசா. ஒரு ஆளுக்கு ரெண்டு, மூணாவது கேட்டா குடுக்காதீங்க.

அவசரத்துக்கு ரெண்டு முட்டை ஆம்லெட்டை சப்பாத்தி மாதிரி மெல்லிசா ஊத்தி உள்ள பீன்ஸ் பொரியலோ பனீரோ வெச்சு சுருட்டிக்கலாம். முட்டைகோஸ் மேல் இலையை சுடுதண்ணில ஒரு நிமிசம் போட்டு எடுத்தாலும் சுருட்ட வரும், ஆனா டப்பாவுல கட்டிக் குடுத்தா தண்ணி விட்டுரும், வீட்ல சாப்பிட மட்டும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம திடீர்னு மாவுச்சத்தை கொறைக்காதீங்க, பழைய டோஸே போட்டா சுகர் எறங்கி தலை சுத்திரும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் புரதம் இவ்ளோ சேக்கலாமான்னு கேட்டுக்கங்க. எது ஒத்துக்குதுன்னு பாக்க ஒரே வழி மீட்டர்தான், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒன்னு, சாப்ட ஆரம்பிச்சு 2 மணி நேரத்துல ஒன்னு. அப்பாவுக்கு இந்த டப்பா பிரெட் சாப்ட அன்னைக்கு 148.

ஒரே ஒரு குறை, இதை டீயில முக்க முடியாது. முக்குனா கரைஞ்சு அடியில போயி உக்காந்துக்கும், அப்பா ரெண்டு தடவை முக்கிப் பாத்துட்டு கிளாஸை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார். இப்ப டீயை சக்கரை இல்லாம தனியா குடிச்சுட்டு, வறுத்த கல்லக்கா ஒரு கைப்பிடி எடுத்துட்டு திண்ணைக்கு போயிடறார்.