ஆத்தங்குடியை நடந்து பார்க்க விரும்புவோருக்கு

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. லட்சுமி விலாஸ் என்னும் பெரிய வீட்டின் முன்னால் காரிலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு டைல்ஸ் பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு மட்டும் அரை நாளை ஒதுக்கிக் காலாற நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆத்தங்குடியின் அழகு அதன் தெருக்களின் அமைப்பிலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்பக்கத்திலும், பட்டறைக் கொட்டகைகளிலும் பரவிக் கிடக்கிறது. அவை எவையும் கார் சன்னலுக்குள் அகப்படுவதில்லை.

மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் இந்த மண்ணில் நடப்பது உடலுக்கு ஆகாது. செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கட்டப்பட்டவை என்பதால், அவற்றின் வாசல் தெருக்கள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. ஆகவே காலையில் தெருவின் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டியும், மாலையில் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டியும் நடந்தால் நிழல் கிடைக்கும். உச்சிப் பொழுதில் எந்தப் பக்கமும் நிழல் இராது. அந்த நேரத்தை வீட்டுக்குள் பார்ப்பதற்கு வைத்துக்கொள்வது நல்லது. காரைக்குடியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், இறங்கும்போதே திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குடிநீரையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

முதலில் பட்டறைக்குச் செல்லுங்கள். காலையில் வேலை சூடு பிடித்திருக்கும்போது பார்த்தால்தான் கைகளின் வேகம் புரியும். ஆத்தங்குடிக் கல் என்று சொல்லப்படும் இந்தத் தரை டைல்ஸுக்குச் சூளை கிடையாது, தீயும் கிடையாது. சிமெண்ட், மணல், நிறப்பொடி, தண்ணீர், இவற்றுடன் ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். சதுரக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, பூவோ கொடியோ தகட்டால் வளைத்துச் செய்யப்பட்ட அச்சை உள்ளே இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் அதற்குரிய நிறக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்ததும் அச்சைச் சிறிதும் ஆடாமல் நேராக மேலே தூக்குகிறார்கள். அந்த நொடியில் கை நடுங்கினால் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதன் மேல் சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இவ்வளவு நேரமும் நாம் பார்ப்பது கல்லின் முதுகைத்தான். இறுகியபின் திருப்பிக் கண்ணாடியை விலக்கும்போதுதான் முகம் தெரிகிறது. தனியாக மெருகேற்றாமலே அந்த முகம் பளபளப்பதற்குக் காரணம், அது கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டதுதான். தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறிய பிறகே கல் முழு பலம் பெறுகிறது. தொட்டி ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் கற்களையும் நின்று பாருங்கள். ஒரே அச்சில் பிறந்த இரண்டு கற்களுக்கு இடையே நிறக்கோட்டில் மயிரிழை வேறுபாடு இருக்கும். என்னைப் பொறுத்தவரை கைவேலையின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நிறம் ஊற்றுகிறவரிடம் வேலை நடுவில் பேச்சுக் கொடுக்காமல், அச்சைத் தூக்கி வைத்தபின் கேள்வி கேட்பது மரியாதை.

பட்டறையிலிருந்து ஊருக்குள் திரும்பும்போது நேராகப் பெரிய வீட்டுக்குப் போகாமல் பின் தெருக்களின் வழியே செல்லுங்கள். இங்கே ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்பக்கத்தில் கஜலட்சுமி, தெய்வ உருவங்கள், சில வீடுகளில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எனச் சுதைச் சிற்பங்கள் நிறைந்திருக்கும்; பின்பக்கமோ ஆடம்பரமில்லாத சுவரும் தாழ்ந்த கதவுமாக இருக்கும். முகப்பு, நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியுமான வளவு, அதற்கு அடுத்த இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு எவ்வளவு ஆழமாகச் செல்கிறது என்பதைப் பக்கச் சந்தில் நடக்கும் உங்கள் காலே அளந்து சொல்லும். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார் செய்த கொடுக்கல் வாங்கலின் செல்வம்தான் இந்தச் சுவர்களாக எழுந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த முதலீட்டில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை இருப்பதால், பழுதுபார்ப்பதற்கும் அனைவரின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. பூட்டிய கதவுகளையும் சரிந்த ஓடுகளையும் காணும்போது இதையெல்லாம் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆளில்லாத வீடாகத் தோன்றினாலும் கேட்காமல் திண்ணையில் ஏறக்கூடாது. காவலுக்கு இருப்பவரிடம், "ஐயா, வளவு வரைக்கும் வந்து பார்த்துக்கலாமா?" என்று கேட்டால், பல வேளைகளில் அவரே கதவைத் திறந்துவிடுவார், மறுத்தால் வற்புறுத்தாமல் நகர்ந்துவிட வேண்டும். செருப்பை வாசலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். சாமி அறையைப் படம் எடுக்கக்கூடாது. கல்யாணத்துக்காகவோ, படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்காகவோ பங்காளிகள் கூடியிருக்கும் நாளில் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய வீடான லட்சுமி விலாஸைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கூட்டம் முகப்பிலேயே தேங்கி நிற்கும் என்பதால், நீங்கள் உள்கட்டுகள் வரை சென்று அங்கிருந்து முன்னோக்கிப் பார்த்துக்கொண்டே வரலாம். தூண்களையும் விதானத்தையும் பார்த்து முடித்ததும் தரையைக் குனிந்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் கதவு, சன்னல்களின் மேல் பதித்த நிறக் கண்ணாடிகளின் வழியே இறங்கும் வெயில், பச்சையும் சிவப்புமாகத் தரையில் விழும் இடங்களைக் காலை வேளையில் தேடிப் பார்க்க வேண்டும்.

நேரமும் தெம்பும் மீதமிருந்தால் செட்டிநாட்டின் மற்றோர் ஊரான கானாடுகாத்தானுக்கு வண்டியில் சென்று, 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாட்டு அரண்மனையை வெளியிலிருந்து கண்டு, அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே முறையில் நடக்கலாம். கல் வாங்க நினைப்பவர்கள் நடையை முடித்துவிட்டுக் கடைசியாகப் பட்டறைக்குத் திரும்புவது நல்லது, ஏனெனில் நாலைந்து கற்களே கையை இழுக்கும் பாரம். வீட்டுத் தரைக்கு வாங்குவதானால் பதிக்கத் தெரிந்த கொத்தனாரைப் பட்டறையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உடைசலுக்கும் ஓரத்து வெட்டுக்கும் சேர்த்துச் சில கற்களைக் கூடுதலாகவே சொல்லி வையுங்கள்.